காமிராவை எங்கே நிறுத்துவது?

தஞ்சை மாவட்டத்தில் இருந்த எங்கள் பூர்வீக வீடு 2011-ஆம் ஆண்டில் விலையாகி, பின்னர் இடிக்கப்பட்டது. நாகபுரியில் எங்களோடு வசிக்கும் தாயாரிடம் எஞ்சியிருப்பவை மங்கிப்போன இரண்டு புகைப்படங்களே. கட்டட வரைபடத் தொழில் கற்ற என் தம்பி, பழைய கிரயப் பத்திரத்தின் அளவுகளைக் கொண்டும், அம்மா சொல்லச் சொல்லக் கேட்டும், அவ்வீட்டைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவமாக எழுப்பினான். படம் பிடிக்கும் பொறுப்பை, பகலெல்லாம் சரக்குக் கணக்குப் பார்க்கும் ரயில்வே குமாஸ்தாவாகிய என்னிடம் விட்டான். நம் சங்கத்து இளைஞர் சிலர் இத்துறையில் ஆர்வம் உடையவராதலால், நான் பட்ட பாடு அவர்களுக்குப் பயன்படலாம்.

நாங்கள் கையாண்டது ‘பிளெண்டர்’ என்னும் மென்பொருள். ஹாலந்து நாட்டு டோன் ரூசண்டால் தோற்றுவித்த இது, 2002-இல் பொதுமக்கள் ஏழே வாரங்களில் திரட்டிய 1,00,000 யூரோவின் பயனாய் யாவர்க்கும் இலவசமாயிற்று. 2025-இல் ஆஸ்கார் பரிசு பெற்ற ‘ஃப்ளோ’ என்னும் அனிமேஷன் படம் இதைக் கொண்டே உருவானது.

நிற்க. இதிலுள்ள காமிரா பெட்டியும் கண்ணாடியும் உடைய பொருளன்று. ஓர் இடம், ஒரு திசை, சில எண்கள், அவ்வளவே. வேலை செய்யும்போது நாம் திரையில் காண்பது வேறு, காமிரா காண்பது வேறு. எண் பலகையில் 0-வை அழுத்தினால் காமிராவின் பார்வை தெரியும். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 0-வை அழுத்தினாலோ, நாம் பார்க்கும் இடத்திற்கே காமிரா வந்து நிற்கும்.

முற்றம் முழுவதும் படத்தில் அடங்க வேண்டும் என்ற ஆசையால், 50 மில்லிமீட்டராக இருந்த லென்சை 18 ஆக்கினேன். 36 மில்லிமீட்டர் அகலச் சட்டத்தில், 50 எனில் பார்வைக் கோணம் ஏறக்குறைய 40 பாகை. 18 எனில் 90 பாகை. எல்லாம் அடங்கிற்று. அம்மா பார்த்துவிட்டு, “யார் வீட்டு அரண்மனைடா இது?” என்றார். எதிர்ப்புறத் தூண்கள் வெகு தொலைவில் குச்சிகளாய் நின்றன. பத்தடி முற்றம் தேரடி போல் விரிந்து கிடந்தது.

குற்றம் லென்சினுடையது என்றே பலரும் சொல்வர். நானும் அப்படித்தான் எண்ணினேன். அண்மையில் உள்ளதும் சேய்மையில் உள்ளதும் ஒன்றற்கொன்று எவ்வளவு பெரிதாய்த் தோன்றும் என்பதை முடிவு செய்வது காமிரா நிற்கும் இடமே. அக்காட்சியில் எவ்வளவு அகலத்தை வெட்டி எடுப்பது என்பது மட்டுமே லென்சின் வேலை. அகல லென்சு இருக்கும் தைரியத்தில் முன் தூணை ஒட்டிப் போய் நின்றுவிட்டேன், அதுவே பிழை.

பின்னுக்கு நகர்ந்தால் கூடத்துச் சுவர் தடுத்தது. புகைப்படக்காரராயின் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். இங்கே வழியுண்டு. ‘கிளிப் ஸ்டார்ட்’ என்னும் எண்ணைச் சுவரின் தூரத்தைவிடச் சற்று மிகுதியாக வைத்தால், அவ்வெல்லைக்கு இப்பால் உள்ளவை படத்தில் வாரா. வேடிக்கை என்னவென்றால், சுவர் மறையுமே தவிர அதன் நிழல் மறையாது! இன்னொன்று: தூண்கள் செங்குத்தாய்த் தெரிய வேண்டுமானால் காமிராவை அண்ணாந்தோ குனிந்தோ பார்க்க விடலாகாது. எக்ஸ் அச்சில் 90 பாகை என நிறுத்தி, ‘ஷிப்ட்’ எண்ணால் சட்டத்தை ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டும். இவ்வாறு சுவருக்கு எட்டடி பின்னால் நின்று, 50 லென்சில், நான்கு தூண்களும் அடங்க ஓர் அழகிய படம் எடுத்தேன்.

தம்பி பாராட்டினான். அம்மா வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இப்படிப் பார்த்ததே இல்லையே” என்றார்.

“நீ எங்கே உட்கார்ந்து பார்ப்பாய், அம்மா?”

“கூடத்துச் சுவர் ஓரந்தான். அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு.”

இக்கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் பதினைந்து இரவுகள் மிச்சமாகியிருக்கும். தரையில் அமர்ந்தவரின் கண் உயரம் சுமார் இரண்டரை அடி. அவ்வுயரத்தில், அவ்விடத்தில் காமிராவை இறக்கி, லென்சை 35 ஆக்கினேன். இரண்டு தூண்கள், முற்றத்தின் ஒரு மூலை, நடை வழியே வரும் வாசல் வெளிச்சம், இவை மட்டுமே தெரிந்தன. பாதி வீடு படத்தில் இல்லை. நேர்த்தி என்று பார்த்தால் முந்தைய படமே மேல்.

அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையருகே குனிந்தார்.

“இடப்பக்கத் தூணிலே ஓர் ஆணி இருக்குமே, உங்கப்பா சட்டை மாட்டுவாரே, அதை எங்கேடா காணோம்?”

தம்பி இப்போது ஆணி செய்துகொண்டிருக்கிறான்.