மௌஸைக் கழற்றிவிட்டு ஒரு டிக்கெட்

கார்த்திகைத் தீபம் நெருங்கிவிட்டால் திருவண்ணாமலையில் மாட வீதியில் மட்டுமா நெரிசல்? பரணி தீபம், மகா தீபம் தரிசன டிக்கெட்டை ஆன்லைனில் திறக்கும் நேரத்திலும் அதே முண்டியடிப்புதான். ஆதார் எண், ஓடிபி, பணம் என்று விறுவிறுவென்று தட்டிக்கொண்டே போகவேண்டும். கை சற்று அசந்தால் போச்சு.

பார்வையில்லாத பக்தர் இந்தப் போட்டியில் என்ன செய்வார்? கோயில், லாட்ஜ், பஸ் என எந்த முன்பதிவுக்கும் இதே கேள்விதான். அவர் திரையைக் காதால் படிக்கிறார். அதற்கு என்.வி.டி.ஏ. என்ற இலவச ஸ்க்ரீன் ரீடர் மென்பொருள் இருக்கிறது. பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. ஆனால் கோடில் எழுதியிருப்பதைத்தான் அது வாசிக்கும். நிரப்பவேண்டிய கட்டத்துக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால் 'எடிட், பிளாங்க்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். பெயரை அடிப்பதா, ஆதாரை அடிப்பதா? கேப்சா வெறும் படமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

கட்டத்துக்குப் பெயர் வைப்பது ஒரு வரி வேலை. பக்கத்தை முதலில் எழுதும்போதே சேர்த்தால் செலவென்று சொல்ல ஒன்றுமில்லை. தளம் ஓடத் தொடங்கி இரண்டு வருடம் கழித்து அதே வரியைச் சேர்க்கப் போங்கள். எழுதிய பையன் பெங்களூரில் வேறு வேலைக்குப் போயிருப்பான். ஒப்பந்தம் முடிந்திருக்கும். புதிதாக வந்தவர் பணம் கட்டும் பகுதியைத் தொடவே பயப்படுவார். தொட்டால் ஓடிபியிலிருந்து ரசீதுவரை எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கவேண்டும். அந்த ஒரு வரிக்கு எஸ்டிமேட், ஃபைல், ஒப்புதல்!

நிறமும் இப்படித்தான். ஆன்மிகத் தளம் என்றாலே காவிப் பின்னணியில் வெள்ளை எழுத்து. பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது உலகத் தர விதி. வழக்கமான இளங்காவியில் அது இரண்டைச் சற்றுத்தான் தாண்டும். கண் மங்கிய பெரியவர்கள் திணறிப்போவார்கள். டிசைன் போடும் அன்றே காவியை அடர்த்தியாக்கினால் ஐந்து நிமிட வேலை. லோகோ, ஆப், பேனர் எல்லாம் அதே நிறத்தில் வந்தபிறகு யார் மாற்றுவார்கள்?

தமிழுக்கென்று தனித் தலைவலியும் உண்டு. வானவில் போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். மென்பொருள் அதை வாசித்தால் ஒரு சொல்கூடப் புரியாது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும், வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றிய அறிவிப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதன் 2017 விதிகளும் அணுகல் வசதி செய்துதர, சேவை தருவோருக்கு இரண்டே ஆண்டு கெடு வைத்தன. விதி வெறும் பரிந்துரையாக இருந்தால் செல்லாது என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. அபராதம்? முதல் தடவை என்றால் அதிகபட்சம் 10,000 ரூபாய். இதற்கு யார் பயப்படப்போகிறார்கள்? ஆனால் அமெரிக்காவில் டார்கெட் நிறுவனம், தன் இணையதளத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்று பார்வையற்றோர் தொடுத்த வழக்கை 2008-ல் முடிக்க 60 லட்சம் டாலர் ஒதுக்கவேண்டி வந்தது.

தளத்தைத் திருத்தும்வரை யாரோ ஒருவர் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறார். பிரவுசிங் சென்டருக்கு ஆட்டோ பிடித்துப் போய், முன்பின் தெரியாதவரிடம் ஆதாரையும் ஓடிபியையும் சொல்லி டிக்கெட் எடுக்கும் பார்வையற்றவர்தான் அவர். எந்த ஆடிட்டிலும் அந்தப் பணம் வராது.

டெண்டரிலேயே ஒரு நிபந்தனை போடலாம். கடைசி பில் பாஸாகுமுன், மௌஸைக் கழற்றிவிட்டு, திரையை அணைத்துவிட்டு, கீபோர்டாலும் காதாலும் மட்டும் ஒரு டிக்கெட் எடுத்துக் காட்டவேண்டும். ஸ்க்ரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரைக் கூலி கொடுத்து உட்காரவைத்தே சோதிக்கலாம், அரைநாள் போதும்.