வெளிநாட்டுப் பென்ஷனும் கரிசக்காட்டுப் பட்டாவும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பிய பூமி. மழை பொய்த்த வருஷங்களில் ஆட்கள் கப்பல் ஏறிப் போயிருக்கிறார்கள். ஒரு காலத்தில் ரங்கூன், கொழும்பு, பினாங்கு. அப்புறம் சிங்கப்பூர், துபாய், சவுதி. போனவர்களில் ஒரு பகுதி வயதான பிறகு திரும்பி வருகிறது. "கடைசிக் காலத்துல ஊருல இருந்துட்டுப் போறேன்" என்பதுதான் அவர்கள் சொல்வது. ஆசை சின்னதுதான். ஆனால் அதற்கு நடுவில் வங்கி, தாலுகா ஆபீஸ், வருமான வரி, தூதரகம் என்று நான்கு வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் அவர் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு பதில் எழுதியிருக்கிறது.

இது புதுக் கதை இல்லை. 1963ல் பர்மாவில் வங்கிகள் அரசுடைமையாயின. அடுத்த வருஷம் கடைகளும் அரசுடைமை, கூடவே 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. அப்போது திரும்பி வந்த தமிழர்கள் சம்பாத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். இன்றைக்குத் திரும்புகிறவருக்கு அந்த நிலைமை இல்லை. பணம் இருக்கிறது, சட்டமும் பெரும்பாலும் அவர் பக்கம்தான் இருக்கிறது. சிக்கல் எல்லாம் தாளில். அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், நீங்கள் யார்?

"ஃபாரின்ல இருந்து வந்தவரு" என்று ஊர் ஒரே பெயரில் கூப்பிடும். சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது.

ஒன்று, இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே வெளிநாட்டில் வேலை பார்த்தவர். வளைகுடா போனவர்கள் பெரும்பாலும் இந்த வகை. இரண்டு, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர், அல்லது அங்கேயே பிறந்தவர், ஆனால் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர். மலேசியா, சிங்கப்பூர்காரர்கள் பலர் இதில் வருவார்கள். மூன்று, வெறும் விசாவில் வந்து தங்கியிருப்பவர்.

மூன்றாவது வகைக்குத்தான் அலைச்சல் அதிகம். 180 நாளுக்கு மேல் தங்கும் விசா என்றால் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், பிறகு நீட்டிப்பு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் அந்தப் பதிவு வேண்டாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். பெற்றோர், தாத்தா பாட்டி, அதற்கும் ஒரு தலைமுறை முன்னால் உள்ளவர் வரை இந்திய வேர் இருப்பதைக் காட்ட முடிந்தால் விண்ணப்பிக்கலாம். 50 வயது முடிந்து புதுப் பாஸ்போர்ட் வாங்கியதும் அதன் நகலையும் புதுப் போட்டோவையும் ஒருமுறை இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இது.

ஆனால் ஓ.சி.ஐ. என்பது குடியுரிமை இல்லை. ஓட்டு கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம்கூடக் குடிமக்களுக்குத்தான். உங்கள் மனு எந்த மேஜையில் கிடக்கிறது என்று அந்தச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டுமானால் இந்தியக் குடிமகனான தம்பியோ மருமகனோ கேட்க வேண்டும்.

ஒரே ஆள், நாலு பெயர்

உதாரணத்துக்குக் கருப்பையா மகன் முத்துவேல் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் 'க. முத்துவேல்'. மலேசிய அடையாள அட்டையில் 'முத்துவேல் ஏ/எல் கருப்பையா'. ஏ/எல் என்றால் மலாயில் 'அனாக் லெலாக்கி', அதாவது மகன். சிங்கப்பூர் என்றால் அதே இடத்தில் 'எஸ்/ஓ'. பான் அட்டையில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள், அங்கே அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். பட்டாவில் வெறும் 'முத்துவேல்', பக்கத்தில் தகப்பனார் பெயர்.

ஊர்க்காரருக்கு இந்த நாலு பேரும் ஒரே முத்துவேல்தான். வங்கியின் கம்ப்யூட்டருக்கு நாலு பேரும் வேறு வேறு ஆள். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை உலகத்தின் எந்தப் படிவமும் ஒத்துக்கொள்வதில்லை.

ஊர்ப் பெயரும் இப்படித்தான். 1910ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாவதற்கு முன் திருச்சுழி மதுரை ஜில்லா. 1985ல் ராமநாதபுரத்தைப் பிரித்தபோது இந்தப் பக்கம் காமராஜர் மாவட்டம் ஆனது. 1997ல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வைப்பது கைவிடப்பட்டதும் விருதுநகர் மாவட்டம். 1950ல் பிறந்த ஒருவரின் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் 'ராம்நாட்' என்றிருக்கும், அட்டையில் 'விருதுநகர்' என்றிருக்கும். அவர் ஊர் மாறவே இல்லை, மாவட்டம்தான் மாறியது. இது கோலாலம்பூரில் உட்கார்ந்து படிவம் பார்க்கிறவருக்குத் தெரியாது, நாம்தான் விளக்க வேண்டும்.

வழி இருக்கிறது. நோட்டரி முன்னால் 'இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை' என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, எல்லாப் பெயர் வடிவங்களையும் மாவட்டப் பெயர்களையும் அதில் வரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து அசல் பிரதிகள் போட்டு வைப்பது நல்லது. அது போதாது என்கிற இடத்தில் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவது அடுத்த படி.

ரமணரின் தகப்பனார் சுந்தரம் ஐயர் திருச்சுழியில் மனு எழுதிக் கொடுத்துத்தான் மேலே வந்தார் என்று ரமணரின் வரலாற்றில் படிக்கிறோம். 'எனக்குத் தெரிந்ததை ஆபீசுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடு' என்ற தேவை அந்த ஊரில் அன்றும் இருந்திருக்கிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவருக்கு இன்றும் வேலை இருக்கிறது.

வங்கியில் எந்தக் கணக்கு?

வெளிநாடு போகும்போது ஊர்க் கிளையில் இருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போனவர்கள் நிறைய. சட்டப்படி அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். இப்போதாவது மாற்றுவதே சரி. நிலைமை தெரிந்துதானே பழைய கணக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்: இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகும். பத்து வருஷம் யாரும் கேட்காவிட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். போனாலும் உங்கள் பணம் உங்கள் பணம்தான், எப்போது கேட்டாலும் வங்கி தர வேண்டும். 2023ல் ரிசர்வ் வங்கி தொடங்கிய 'உத்கம்' தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

பெயர்களைச் சுருக்கமாக:

என்.ஆர்.இ.: வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணம். திரும்ப எடுத்துப் போகத் தடை இல்லை. வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரை வட்டிக்கு இங்கே வரி இல்லை.

என்.ஆர்.ஓ.: வாடகை, குத்தகை, நிலம் விற்றது என்று இங்கேயே வரும் பணம். வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துக்கொள்வார்கள். வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். அதற்குக் கணக்காளர் சான்று கேட்பார்கள், 15சிபி என்று வங்கியில் சொல்லிப் பழகியது அதுதான்.

ஆர்.எஃப்.சி.: நிரந்தரமாகத் திரும்பி வந்தவர் வெளிநாட்டுப் பணத்தை டாலராகவோ பவுண்டாகவோ அப்படியே இந்திய வங்கியில் வைத்துக்கொள்ளும் கணக்கு. கிளையில் கேட்டால் "அப்படி ஒண்ணு இல்லீங்களே" என்று சொல்லக்கூடும். அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளையில் கேளுங்கள்.

ஊரில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டால் என்.ஆர்.இ. கணக்கை அப்படியே ஓட்டக்கூடாது. சாதாரணக் கணக்காகவோ ஆர்.எஃப்.சி.யாகவோ மாற்ற வேண்டும். "அப்ப சிங்கப்பூர்ல இருக்கிற சேமிப்பையும் கொண்டாந்துரணுமா?" என்று பயப்படுவார்கள். வேண்டியதில்லை. ஃபெமா சட்டத்தின் 6(4) பிரிவு, வெளிநாட்டில் வசித்தபோது சேர்த்ததைத் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்திருக்க அனுமதிக்கிறது.

இரண்டு சட்டம், இரண்டு கணக்கு

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வங்கி 'ரெசிடென்ட்' என்று சொல்வது ஃபெமா கணக்கு. வரி இலாகா சொல்வது வேறு கணக்கு. ஃபெமா நாட்களோடு சேர்த்து உங்கள் எண்ணத்தையும் பார்க்கிறது, அதாவது குடியிருக்க வந்தீர்களா, பார்த்துவிட்டுப் போக வந்தீர்களா என்று. வரிச் சட்டம் முக்கியமாக நாட்களை எண்ணுகிறது, 182 நாள் அதில் பெரிய கோடு.

வரியில் நடுவில் ஒரு படி உண்டு. முந்தைய பத்து வருஷத்தில் ஒன்பது வருஷம் வெளிநாட்டுவாசியாக இருந்தவரை, அல்லது முந்தைய ஏழு வருஷத்தில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இங்கே இல்லாதவரை, 'வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்ல' என்று வைக்கிறார்கள். அந்த இரண்டு மூன்று வருஷம் வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி வராது. பெரிய தொகை வாங்க வேண்டியிருந்தால் அதற்குள் வாங்குவதா, பிறகா என்று ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே கணக்காளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பான் - ஆதார் இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியக் குடிமகன் அல்லாதவருக்கும் வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசியாக உள்ளவருக்கும் அதில் விலக்கு உண்டு. ஆனால் விலக்கு தானாக வராது. உங்கள் நிலையை வரி இலாகாவில் பதிந்திருக்காவிட்டால் பான் 'செயலற்றது' என்று காட்டும், வங்கியில் எல்லாம் நிற்கும்.

உயிரோடு இருப்பதற்குச் சான்று

பென்ஷன் தரும் நாடுகள் பலவும் அவ்வப்போது உயிர்ச் சான்று கேட்கும். படிவம் அந்த நாட்டினுடையது, அவர்கள் சொல்லும் அதிகாரிதான் கையெழுத்துப் போட வேண்டும். இந்திய அரசின் 'ஜீவன் பிரமாண்' இங்குள்ள பென்ஷன்காரருக்கு, வெளிநாட்டுப் பென்ஷனுக்கு உதவாது. பிரிட்டனில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு விஷயம்: அந்த அரசுப் பென்ஷன் இந்தியாவில் வசிப்பவருக்கு ஆண்டுதோறும் உயராது, வந்து சேர்ந்த தொகையிலேயே நிற்கும். அமெரிக்காவில் குடியேறியவருக்கு உயரும். போகும் இடத்தைப் பொறுத்து இருபது வருஷத்தில் வித்தியாசம் பெரிதாகிவிடும்.

இதைவிடச் சாதாரணமான ஆபத்து செல்போன் எண். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வருகிறது. அந்நிய நாட்டு எண்ணை ஊருக்கு வந்ததும் நிறுத்திவிட்டால் அந்த நாட்டு வங்கிக்குள் நுழைய முடியாது. முதலில் இங்குள்ள எண்ணை அங்கே பதியுங்கள், பிறகு பழையதை நிறுத்துங்கள்.

நிலம்

திருச்சுழிப் பக்கம் சொத்து என்றால் பெரும்பாலும் புஞ்சைதான். ஓ.சி.ஐ. அட்டைக்காரர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் வாரிசாக வந்த பங்கை வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இங்கே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்க வேண்டும். வீடு, வீட்டு மனை வாங்கத் தடை இல்லை.

வாரிசுப் பங்கைப் பொறுத்தவரை, உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் அவருடைய தாய், மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. கடல் தாண்டிப் போனதால் பங்கு போகாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததாலும் போகாது. ஊரில் இருப்பவர்கள் மட்டும் சேர்ந்து பட்டா மாற்றிக்கொண்டிருந்தாலும், பட்டா வருவாய்ப் பதிவுதான், அதுவே உரிமையைப் பறித்துவிடாது. ஒரு பங்காளி நிலத்தை அனுபவித்து வருகிறார் என்பதாலேயே இன்னொரு பங்காளியின் உரிமையும் அழிந்துவிடாது. ஆனால் அந்நியர் ஒருவர் நிலத்தை உரிமை கொண்டாடி 12 வருஷம் வைத்திருந்தால் கதை வேறு. சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிற காட்டை வருஷம் ஒருமுறையாவது யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பட்டா, சிட்டாவை அரசின் இ-சேவைத் தளத்திலும், வில்லங்கத்தைப் பதிவுத் துறைத் தளத்திலும் பார்க்கலாம். 1980களில் நடந்த யூ.டி.ஆர். நில உடைமைப் பதிவில் பெயர் மாறி விழுந்தது தெரியவந்தால் கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கிக் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரை மனு போகும். ஃபசலி ஆண்டு ஜூன் 30ல் முடிவதால், அதை ஒட்டித் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும். அதிகாரிகள் கணக்குப் புத்தகங்களோடு ஒரே இடத்தில் உட்காரும் நாட்கள் அவை. லீவு எடுத்து வருவதானால் அப்போது வாருங்கள்.

வர முடியாதவர் பவர் பத்திரம் அனுப்பலாம். தூதரகத்தில் அத்தாட்சி பெற்றிருக்க வேண்டும், அல்லது அந்த நாட்டு நோட்டரி முன்னால் எழுதி அப்போஸ்டில் முத்திரை பெற்றிருக்க வேண்டும். இந்தியாவில் அப்போஸ்டில் 2005 முதலும் சிங்கப்பூரில் 2021 முதலும் நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். "எல்லாத்துக்கும் சேத்து ஒரு பவர்" என்று எழுதாதீர்கள். புல எண் குறிப்பிட்டு, செய்ய வேண்டிய வேலையைக் குறிப்பிட்டு, விற்கும் அதிகாரம் வேண்டாமென்றால் அதையும் எழுதிக் கொடுங்கள். பங்காளிச் சண்டைகள் பல இந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன.

நின்றுபோனால்

வங்கியில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், வக்கீல் வேண்டாம். 70 வயதைத் தாண்டியவருக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வங்கிகள் முயல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017லேயே சொல்லியிருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத விஷயம். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைக்கிறவர், அவரே வாரிசு ஆகிவிடுவதில்லை. ஆகவே நாமினியும் போடுங்கள், உயிலும் எழுதுங்கள். இரண்டு நாட்டிலும் சொத்து இருந்தால் நாட்டுக்கு ஒன்றாக இரண்டு உயில் எழுதலாம். ஒன்று மற்றதை ரத்து செய்யாதபடி வாசகம் இருக்க வேண்டும், அது முக்கியம். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த நாட்டுப் பென்ஷன், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் எழுதி வீட்டில் உள்ளவருக்குக் காட்டி வையுங்கள். ஊரில் உங்களைப் பார்த்துக்கொள்கிற அக்கா மகளுக்குக் கோலாலம்பூர் ஆபீசின் பெயர் தெரியாது. நீங்கள் எழுதி வைக்காவிட்டால் அந்தப் பணம் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.