பழைய விளையாட்டுப் பெட்டியினுள் ஒரு திரையரங்கு: பண்டத்தின் மறுவாழ்வு பற்றிய சில குறிப்புகள்

1

பண்பாட்டை நூல்களிலும் மேடைகளிலும் மட்டுமே தேடுவது எமது ஆய்வுலகின் நெடுநாளைய வழக்கமாகும். ஆயின், ஒரு படைப்பு மக்களை வந்தடையும் வழி எத்தகைய பொருட்சாதனங்களால் ஆனது, அச்சாதனங்கள் யாருடைய ஆளுகையில் உள்ளன எனும் வினாக்களைத் தவிர்த்துவிட்டு, அப்படைப்பின் சமூகப் பணியை முழுமையாக விளக்கிவிட முடியாது. அச்சியந்திரத்தை மறந்து நாவலின் தோற்றத்தை விளக்க முயல்வோர் எத்தகைய இடர்ப்பாட்டுக்கு உள்ளாவரோ, அத்தகைய இடர்ப்பாட்டுக்கே திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் அவற்றின் கருவிகளினின்று பிரித்து நோக்குவோரும் உள்ளாவர்.

இக்கட்டுரை அத்தகையதொரு சிறு கருவியைப் பற்றியது. பழுதடைந்த அல்லது வழக்கொழிந்த வீடியோ விளையாட்டுப் பெட்டியொன்றின் கூட்டினுள், படங்களையும் இசையையும் தொலைக்காட்சியில் ஒளி, ஒலி பரப்பும் சிறு கணினியொன்றை அமைக்கும் வேலை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருபதாண்டுகளுக்கு மேலாக ஆர்வலர் பலராற் செய்யப்பட்டு வருகின்றது. மேலோட்டமாக நோக்குமிடத்து இது ஓய்வுநேர விளையாட்டே. ஆனால், விலை கொடுத்து வாங்கிய பொருள் உண்மையில் யாருக்குச் சொந்தம் எனும் வினா இவ்விளையாட்டினுள் மறைந்து கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர்வதே எமது நோக்கம்.

வீட்டுத் திரையரங்குக் கணினி அமைப்பில் ஏனைய கணினிகளின் வேறானதன்று. மூன்று நிபந்தனைகளே அதனை வேறுபடுத்துவன. வரவேற்பறையில் வைக்கத்தக்க தோற்றம் அதற்கு இருத்தல் வேண்டும். படம் பார்க்கையில் அது இரைச்சல் எழுப்பலாகாது. விசைப்பலகையின்றி, இருக்கையிலிருந்தவாறே ரிமோட்டினால் இயக்கத்தக்கதாக அது அமைதல் வேண்டும். விளையாட்டுப் பெட்டியோ தொடக்கத்திலேயே தொலைக்காட்சியின் அருகில் வைப்பதற்கென வடிவமைக்கப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று நாடியமை தற்செயலன்று.

2

இவ்வரலாற்றின் முதற் கட்டம் எக்ஸ்பொக்ஸ் எனும் பெட்டியுடன் தொடர்புடையது. மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2001 நவம்பரில் இதனை அமெரிக்காவில் 299 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. பென்ரியம் III வழிவந்த 733 மெகாஹேர்ட்ஸ் மையச் செயலி, 64 மெகாபைற் நினைவகம், என்விடியா நிறுவனத்தின் வரைகலைச் சில்லு, வன்தட்டு, டீவீடி இயக்கி, வலையமைப்பு இணைப்பு என்பன அதனுள் இருந்தன. வேறு சொற்களிற் கூறின், அது விளையாட்டுப் பெட்டியின் உடையணிந்த ஒரு கணினியே. 2002 மே மாதத்தில் அதன் விலை 199 டொலராகக் குறைக்கப்பட்டது.

இவ்விலை, பெட்டியின் உற்பத்திச் செலவுக்கும் குறைவானது. பெட்டியில் ஏற்படும் நட்டத்தை, விளையாட்டுகளின் விற்பனையாலும் பிற நிறுவனங்களிடம் பெறும் உரிமக் கட்டணத்தாலும் ஈடுசெய்வதே திட்டம். எனவே, வாங்குபவர் பெட்டியை வேறெதற்கும் பயன்படுத்தாதிருத்தல் இன்றியமையாததாயிற்று. இங்கு ஒரு முரண்பாட்டைக் காண்கின்றோம். பண்டத்தின் பயன்பாட்டுப் பெறுமதி விரிந்தது. பரிவர்த்தனைப் பெறுமதியை ஈட்டும் தேவையோ அப்பயன்பாட்டை ஒடுக்கி வைக்குமாறு வற்புறுத்துகின்றது. இதற்குத் தெளிவான சான்று டீவீடி இயக்கியாகும். இயக்கி பெட்டியினுள்ளேயே இருந்தது. எனினும் தனியாக விற்கப்பட்ட ரிமோட் தொகுதியை வாங்கியவரே அதிற் படம் பார்க்க முடிந்தது. டீவீடி உரிமத்தின் செலவு அத்தொகுதியின் விலையினுள் வைக்கப்பட்டமையே இதன் காரணம்.

இவ்வொடுக்குதலை நடைமுறைப்படுத்தியது ஒரு பூட்டு. நிறுவனம் ஒப்பமிட்ட நிரல்களை மட்டுமே பெட்டி ஏற்கும் வண்ணம், 512 பைற் அளவினதான இரகசியத் தொடக்க நிரலொன்று சில்லொன்றினுள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் கலாநிதிப் பட்டத்துக்குப் பயின்றுகொண்டிருந்த அன்ட்ரூ ஹுவாங், சில்லுகளுக்கிடையிற் பாயும் சமிக்ஞைகளைத் தாம் அமைத்த சுற்றினாற் செவிமடுத்து, 2002இல் அவ்விரகசியத்தை வெளிக்கொணர்ந்தார். இதனை விளக்கி அவர் எழுதிய நூலை வெளியிடவிருந்த பதிப்பகம், 1998ஆம் ஆண்டின் அமெரிக்க எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டத்தை எண்ணிப் பின்வாங்கவே, வேறு வழியில் 2003இல் அந்நூல் வெளிவந்தது. 2013இல் அதன் மின்பதிப்பை அவர் எவரும் இலவசமாகப் பெறுமாறு செய்தார். தாம் வாங்கிய பெட்டியினுள் என்ன நிகழ்கின்றது என்பதை எழுதுவதற்கே ஓர் ஆய்வு மாணவர் சட்டத்தை அஞ்ச நேர்ந்தமை மனங்கொள்ளத்தக்கது.

பூட்டுத் திறக்கப்பட்டதும், 2002இல் எக்ஸ்பொக்ஸிற் படங்களை ஓடச்செய்யும் நிரலொன்றைத் தன்னார்வலர் சிலர் ஆக்கினர். அதுவே வளர்ந்து எக்ஸ்.பி.எம்.சி. எனப் பெயர்பெற்று, 2004 யூனில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. மூலநிரல் எவருக்கும் திறந்ததாயிருந்தது. ஆனால், அதனை இயங்குநிலைக் கோப்பாக மாற்றுவதற்கு நிறுவனத்தின் உரிமம் பெற்ற கருவித்தொகுதி தேவைப்பட்டமையால், ஆக்கியோர் தம் படைப்பை உடன் இயங்கத்தக்க வடிவில் வெளிப்படையாக விநியோகிக்க இயலாதிருந்தனர். உழைப்பு அவர்களுடையது, உழைப்புக் கருவி பிறருடையது. இதனினும் எளிய விளக்கம் உற்பத்தி உறவுகளுக்கு வேண்டுவதில்லை.

பின்னர் உயர்தெளிவுப் படங்கள் பரவியபோது அப்பழைய செயலி அவற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. 2007 முதல் நிரல் லினக்ஸுக்கும் ஏனைய தளங்களுக்கும் மாற்றப்பட்டது. 2010இல் எக்ஸ்பொக்ஸ் கைவிடப்பட்டது. 2014இல் நிரல் கோடி எனப் பெயர் மாறியது. தான் பிறந்த பெட்டியைவிட நெடிதாக அது வாழ்கின்றது.

3

இரண்டாம் கட்டத்தில், பெட்டியின் உள்ளுறுப்புகளை விடுத்து அதன் கூட்டை மட்டும் கொள்ளும் முறை பரவியது. வீஆ நிறுவனம் 2001இல் அறிமுகஞ்செய்த மினி ஐ.ரி.எக்ஸ். தாய்ப்பலகை 17 சதமமீற்றர் சதுரமானது. நின்ரெண்டோ நிறுவனம் 1985இல் அமெரிக்காவில் வெளியிட்ட என்.ஈ.எஸ். பெட்டி ஏறத்தாழ 25.6 சதமமீற்றர் நீளமும், 20.3 சதமமீற்றர் அகலமும், 8.9 சதமமீற்றர் உயரமும் உடையது. ஒன்றினுள் ஒன்று அடங்குமென்பது இவ்வளவுகளாலேயே புலனாகும். 2012 பெப்ரவரியில் 35 டொலருக்கு வெளிவந்த ரஸ்பெரி பை எனும் ஒற்றைப் பலகைக் கணினி இவ்வேலையை மேலும் எளிதாக்கியது. 2019இல் வந்த அதன் நான்காம் வகை 85 மில்லிமீற்றர் நீளமும் 56 மில்லிமீற்றர் அகலமுமே உடையது. 4கே தெளிவுடைய படங்களையும் காட்டவல்லது.

செய்முறையைச் சுருக்கமாக விளக்குவோம். பெட்டியின் அடியிலுள்ள திருகாணிகளைக் கழற்றி மேற்கூட்டை எடுத்தால், உலோகக் கவசங்கள், விளையாட்டுப் பேழையைத் தாங்கும் தட்டு, 72 ஊசிகளையுடைய இணைப்பான், பழைய பலகை என்பன வெளிப்படும். அவற்றை அகற்றியபின், கீழ்க்கூட்டிலுள்ள பிளாஸ்ரிக் தாங்கிகளுள் புதிய பலகைக்கு இடையூறானவற்றை வெட்டி, பலகையை உயர்த்தி நிறுத்தும் சிறு தூண்களைப் பொருத்துதல் வேண்டும். ரஸ்பெரி பை ஆயின் வெட்டவேண்டியது மிகக் குறைவு.

மின்வழங்கலில் எச்சரிக்கை தேவை. அமெரிக்க என்.ஈ.எஸ். பெட்டியின் பழைய மின்மாற்றி தருவது 9 வோல்ற் ஆடலோட்டம். புதிய பலகைக்கு வேண்டியதோ 5 வோல்ற் நேரோட்டம். பழைய மாற்றியை இணைத்தாற் பலகை எரிந்துபோகும். எனவே 5 வோல்ற், 3 அம்பியர் தரும் தனி மாற்றியொன்றைப் பயன்படுத்துதல் வேண்டும். மினி ஐ.ரி.எக்ஸ். பலகைக்கு, கூட்டுக்கு வெளியே 12 வோல்ற் மாற்றியும் உள்ளே சிறு மின்பகிர்வுப் பலகையும் பொருந்தும். வழமையான கணினி மின்வழங்கி இக்கூட்டினுள் அடங்காது.

முன்புறத்திலுள்ள இரு ஆளிகளும் நுட்பமான வேறுபாடுடையன. மின்னாளி அழுத்தியபடியே நிற்பது. மீள்தொடக்க ஆளி விரலை எடுத்ததும் மீள்வது. கணினித் தாய்ப்பலகை எதிர்பார்ப்பது பின்னைய வகையையே. முன்னைய ஆளியை அப்படியே இணைத்தால், தொடர்ந்து அழுத்தப்படுவதாகக் கருதிப் பலகை சில வினாடிகளில் அணைந்துவிடும். ஆதலால் அதன் பூட்டும் பொறியை அகற்றுதல் வேண்டும். அன்றேல் மீள்தொடக்க ஆளியையே மின்னாளியாகக் கொள்ளலாம். பழைய கைப்பிடியினுள் எட்டு விசைகளின் நிலையை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் 4021 எனும் எளிய சில்லே உள்ளது, அதனை யூ.எஸ்.பி. மாற்றி மூலம் கணினியுடன் இணைக்கலாம்.

வெப்பமே முதன்மையான இடர்ப்பாடு. இக்கூடு சிறிதளவு மின்சாரமே உண்ணும் சுற்றுக்காக வடிவமைக்கப்பட்டது. ரஸ்பெரி பை நான்காம் வகை, தன் வெப்பநிலை 80 பாகை செல்சியசை அடையும்போது வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அப்போது படம் தடைப்பட்டு ஓடும். சில்லின்மீது அலுமினிய வெப்பத்தகடு பொருத்தி, அடியிலும் பின்புறத்திலும் காற்றுவழி அமைத்தல் பெரும்பாலும் போதுமானது. மின்விசிறி வேண்டுமாயின், பெரிதாகவும் மெதுவாகச் சுழல்வதாகவும் தெரிதல் நன்று. சிறிய விசிறி அதே காற்றைத் தள்ள விரைந்து சுழன்று இரைச்சலிடும்.

நிரலைப் பொறுத்தவரை, கோடியை இயக்கப் போதுமான லினக்ஸை மட்டும் கொண்ட லிப்ரெலெக் எனும் தொகுதியைச் சிறு நினைவட்டையிற் பதிந்தாற் போதும். எச்.டி.எம்.ஐ. இணைப்பின் வழியே தொலைக்காட்சியின் ரிமோட்டே ரஸ்பெரி பையையும் இயக்கும். படங்களை வெளி வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம்.

4

றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளியிட்ட தொலைக்காட்சி பற்றிய நூலில், ஒலி ஒளிபரப்பின் தனி இயல்பாக ‘ஓட்டம்’ என்பதைச் சுட்டினார். தனித்தனி நிகழ்ச்சிகளன்றி, நிலையம் திட்டமிட்ட தொடரோட்டமே பார்வையாளரை வந்தடைகின்றது என்பது அவரது கருத்து. மேற்கூறிய சிறு பெட்டி அவ்வோட்டத்தைத் தடுத்து, எதனை எப்போது பார்ப்பது என்பதைப் பார்வையாளரிடம் ஒப்படைக்க முயல்கின்றது. இதுவே அதன் முற்போக்கான கூறு. இன்றைய சந்தா நிறுவனங்கள் ஒரு படம் முடியுமுன்னரே அடுத்ததை முன்வைத்து அவ்வோட்டத்தை மீட்டெடுத்துள்ளமையை நோக்கின், இம்முயற்சி வழக்கொழிந்ததன்று என்பது புலனாகும்.

எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. முதலாவதாக, பூட்டு மறைந்துவிடவில்லை, இடம் மாறியுள்ளது. தொடக்ககால ரஸ்பெரி பையின் சில்லு எம்பெக்-2 படங்களைக் குறிவிலக்கும் ஆற்றலை உடையதாயிருந்தும், 2.40 பவுண் செலுத்தி அப்பலகைக்கென்றே பெறும் திறவுச்சொல் இல்லாமல் அவ்வாற்றல் செயற்படாது. கையிலுள்ள பொருளின் ஆற்றலுக்கு இரண்டாம் முறை விலை கொடுக்கும் நிலை இது. இரண்டாவதாக, தன்னார்வலரின் கூட்டுழைப்பு மூலதனத்துக்கும் பயன்பட்டது. 2008இல் எக்ஸ்.பி.எம்.சி.யின் மூலநிரலிலிருந்து கிளைத்த பிளெக்ஸ் வணிக நிறுவனமாயிற்று. மூன்றாவதாக, பழைய கூட்டின்மீதுள்ள ஏக்கமே பண்டமாயிற்று. 2016 நவம்பரில் நின்ரெண்டோ நிறுவனம் என்.ஈ.எஸ். பெட்டியின் சிற்றுருவத்தினுள் லினக்ஸில் இயங்கும் சிறு கணினியொன்றை வைத்து, 30 விளையாட்டுகளுடன் 59.99 டொலருக்கு விற்றது. ஆர்வலர் ஓய்வுநேரத்திற் செய்ததை நிறுவனம் தொழிற்சாலையிற் செய்தது.

ஆர்வலரிடமும் ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். இயங்கும் பழைய பெட்டியொன்றைக் குடைந்தெடுத்து அதன் ஓட்டை மட்டும் அலங்காரமாகக் கொள்வது, உழைப்பின் உருவான ஒரு பொருளை வெறுந் தோற்றமாகக் குறைப்பதாகும். மீளப் பழுதுபார்க்க இயலாத பெட்டியையே இவ்வேலைக்குக் கொள்ளல் தகும்.

5

பூட்டை ஆதரிப்போர், அது படைப்பாளியின் உரிமையைக் காப்பது என்பர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எழுத்தாளரும் இசைஞரும் உழைப்பாளரே. ஆனால், பிறர் படைப்பைக் களவாகப் பெருக்கி விற்பதும் தன் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் வேண்டுமென்றே ஒன்றாக்கியமையே 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் வர்க்கச் சார்பு. 2021இல் அமெரிக்காவில் விளையாட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதற்குச் சட்டவிலக்கு அளிக்கப்பட்டபோதும், அது ஒளித்தட்டு இயக்கியின் அளவிலேயே நின்றது. தனக்குச் சொந்தமான பெட்டியின் ஓர் உறுப்பைத் திருத்துவதற்கே அரசின் சிறப்பனுமதி வேண்டியிருக்கின்றது!

இயந்திரம் பௌதிகமாகத் தேய்வதற்கு முன்னரே, புதியதன் வருகையாற் பெறுமதி இழப்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்திலேயே (1867) விளக்கியுள்ளார். பெறுமதி இழந்த பெட்டியின் பயனும் அத்துடன் இறந்துவிடவேண்டும் என்பது இயற்கை விதியன்று. அது ஒரு சமூக ஏற்பாடு. திருகாணி கழற்றும் கை அவ்வேற்பாட்டை மாற்றிவிடப் போவதில்லை. ஆனால் அது ஏற்பாடுதான், விதியன்று என்பதை அக்கை கண்டுகொள்கின்றது. பண்பாட்டுச் சாதனங்களின் உடைமை பற்றிச் சிந்திப்போர்க்கு அக்கண்டுபிடிப்பே தொடக்கமாகும்.