ஆர்டர் ஒன்று, பணம் கழிவது இரண்டு முறையா? ‘ஈவென்ட்’ முறையில் இயங்கும் ஆப்களின் கதை

ஷாப்பிங் ஆப்பில் ஆர்டர் போட்டதுமே ‘கன்ஃபர்ம்’ என வந்துவிடுகிறது. பில் மட்டும் பத்து நிமிடம் கழித்து மெயிலுக்கு வருகிறது. ஆப் சொதப்புகிறதா? பெரும்பாலும் இல்லை. பல ஆப்கள் வடிவமைக்கப்படுவதே அப்படித்தான். இதற்குப் பெயர் ‘ஈவென்ட் டிரிவன் ஆர்க்கிடெக்சர்’.

பழைய முறையில் என்ன சிக்கல்?

ஆர்டர் வந்ததும் ஸ்டாக், பேமென்ட், பில்லிங், டெலிவரி என ஒவ்வொரு சிஸ்டத்தையும் வரிசையாக அழைத்து, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பில்லிங் சர்வர் படுத்துவிட்டால் மொத்த ஆர்டரும் அம்பேல்!

புதிய முறையில்?

‘இந்த ஆர்டர் பதிவாகிவிட்டது’ என்ற தகவலை ஒரு பொது இடத்தில் எழுதிவிட்டு, ஆர்டர் சிஸ்டம் அடுத்த வேலைக்குப் போய்விடும். இந்தத் தகவல்தான் ‘ஈவென்ட்’. தேவைப்படும் சிஸ்டங்கள் அதை எடுத்துப் படித்துக்கொள்ளும். படுத்துக்கிடந்த பில்லிங் சர்வர், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால்தான் பில் லேட்.

அந்தப் பொது இடம் எது?

அதிகம் பேசப்படுவது ‘காஃப்கா’. லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், நேஹா நர்கெடே, ஜுன் ராவ் ஆகியோர் உருவாக்கிய இந்த மென்பொருள், 2011-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியானது. எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் பெயர்தான் இது. ஒருவர் படித்துவிட்டார் என்பதற்காகத் தகவலை இது அழிக்காது. கணக்கு நோட்டு போல வரிசையாக வைத்திருக்கும். செட்டிங்கை மாற்றாவிட்டால் 7 நாட்கள் வரை இருக்கும்.

எங்கே இடிக்கிறது?

படிக்கும் சிஸ்டம், ‘இதுவரை படித்தாச்சு’ என ஒரு குறி வைக்கும். வாலெட்டில் பணத்தைக் கழித்துவிட்டு, குறி வைப்பதற்குள் சர்வர் நின்றுவிட்டால்? எழுந்ததும் அதே தகவலைத் திரும்பப் படிக்கும். பணம் மறுபடியும் கழியும். தகவல் தொலையாது என்ற உத்தரவாதத்துக்கு, அது இரண்டு முறை வரலாம் என்பதே விலை.

தீர்வு என்ன?

ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் தனி எண். அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பணம் கழித்தாச்சா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். எண்ணைப் பதிவு செய்வதும் பணம் கழிப்பதும் ஒரே பரிவர்த்தனையாக நடக்க வேண்டும். ஒன்று நடந்து மற்றொன்று விடுபட்டால் பழைய சிக்கல்தான். இந்தத் தன்மைக்கு ‘ஐடெம்போடென்சி’ என்று பெயர்.

ஐடி துறையில் இருப்பவர்கள் அடுத்த டிசைன் மீட்டிங்கில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: “இதே மெசேஜ் இன்னொரு தடவை வந்தா என்ன ஆகும்?”