காப்பிக்காக மலை ஏறிய ரயில்

இரும்புத் தடங்கள் – 9

கொழும்பிலிருந்து கடற்கரையோரமாகக் காலிக்கு ரயில் விட்டிருந்தால் சமதரையிலேயே வேலை முடிந்திருக்கும். செலவும் குறைவு. மக்கள் நெருக்கமாக வாழ்ந்ததும் அந்தக் கரையோரத்தில்தான். ஆனால் இலங்கையின் முதல் ரயில் பாதைக்கு ஆங்கிலேய அரசு தேர்ந்தெடுத்தது கண்டி மலையை. காரணம், காப்பி.

1830-களிலும் 40-களிலும் கண்டிச் சீமையின் காடுகளை அழித்துக் காப்பி போட்டார்கள். விளைந்தது எல்லாம் கொழும்புத் துறைமுகத்துக்கு மாட்டுவண்டியில்தான் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் சக்கரம் சேற்றில் புதைந்தால் நாட்கணக்கில் தாமதம். மாடுகளுக்கு நோய் கண்டாலோ போக்குவரத்தே படுத்துவிடும். திரும்பும் வண்டிகளில் அரிசி ஏறியது. தோட்டத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளிகள் சாப்பிட வேண்டிய அந்த அரிசியும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்ததுதான். காப்பியை இறக்கவும் வண்டிக்கூலி, அரிசியை ஏற்றவும் வண்டிக்கூலி. பொறுத்துப் பார்த்த துரைமார் ரயில் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். 1845-லேயே லண்டனில் இதற்கென்று ஒரு கம்பெனி உருவானது. அடுத்த சில ஆண்டுகளில் காப்பி விலை சரிந்தது. பேச்சும் அடங்கிப் போனது.

1855-ல் ஆளுநராக வந்த சர் ஹென்றி வார்ட்தான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். கம்பெனி பாதை போடும். அது கொண்டுவரும் முதலுக்குக் குடியேற்ற அரசு வட்டி உத்தரவாதம் தரும். இந்தியாவில் அப்போது நடைமுறையில் இருந்த அதே ஏற்பாடு. 1858 ஆகஸ்ட் 3-ம் தேதி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கி வைத்தார்.

மண் வெட்டிய கையோடு கணக்கும் வீங்கத் தொடங்கியது. எட்டரை லட்சம் பவுண்டில் முடியும் என்று சொல்லப்பட்ட வேலைக்கு, கம்பெனியின் பொறியாளர் நேரில் அளந்து பார்த்துவிட்டு, 20 லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார். உத்தரவாத வட்டி முறையின் அடிப்படைக் கோளாறே இதுதான். செலவு ஏறினால் கம்பெனிக்கு நஷ்டமில்லை. வட்டியைக் கட்டப்போவது அந்த நாட்டு வரிப்பணம். இலங்கையில் இதை நேரத்தோடு புரிந்துகொண்டார்கள். 1861-ல் கம்பெனியுடன் செய்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, அரசே ரயில் வேலையை ஏற்றது. இலங்கை அரசு ரயில்வேயின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. தொடக்கி வைத்த வார்ட் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1860-ல் சென்னை மாகாண ஆளுநராக மாற்றலாகி வந்தவர், வந்த சில வாரங்களில் காலரா கண்டு இறந்துபோனார்.

அரசுத் தரப்பில் பொறுப்பேற்ற தலைமைப் பொறியாளர் கில்ஃபோர்ட் மோல்ஸ்வொர்த். ஒப்பந்தக்காரர் வில்லியம் ஃபேவியல். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-ல் பம்பாயிலிருந்து தாணேக்கு ஓடிய பாதையை அமைத்த ஒப்பந்தக்காரர்களில் ஒருவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் போர்காட் ஏற்றத்திலும் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். மலையில் பாதை போடுவது எத்தனை கடினம் என்று அனுபவத்தில் கண்டவர்.

1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் போனது. 1865 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ரம்புக்கன வரை தரை வேலை. அதற்குமேல் கடுகண்ணாவ ஏற்றம்.

ரம்புக்கனவில் புறப்படும் ரயில் சுமார் 12 மைல் தூரத்தில் 1,400 அடி உயர வேண்டும். ஒவ்வொரு 45 அடிக்கும் ஓர் அடி ஏற்றம். அலகல்ல மலையின் இடுப்பைக் குடைந்து, பாறையில் ஒரு விளிம்பு செதுக்கி, அதன்மேல் தண்டவாளத்தை இட்டார்கள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மறு பக்கம் பள்ளத்தாக்கு. டைனமைட் சந்தைக்கு வராத காலம் அது. உளியும் சம்மட்டியும் கொண்டு கையால் துளை போட்டு, கருமருந்தைக் கெட்டித்து, திரி கொளுத்திவிட்டு ஓட வேண்டும். இன்றைக்கும் அந்த ஏற்றத்தில் ஒற்றைப் பாதைதான்.

அந்த வேலையில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் கூலிகள் ஏராளம். மலையடிவாரக் காய்ச்சலும் காலராவும் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டு போயின. மோல்ஸ்வொர்த் பிற்காலத்தில் இந்திய அரசின் ரயில்வே ஆலோசகரானார், சர் பட்டமும் பெற்றார். பாறையைப் பிளந்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட நாம் படிப்பதில்லை.

1867-ல் ரயில் கண்டியைத் தொட்டது. மலை ஏற்றம் உட்பட 75 மைல் பாதையை, அரசு பொறுப்பேற்ற ஆறே ஆண்டுகளில் முடித்திருந்தார்கள். காப்பி இறங்க, அரிசி ஏற, ரயில்வேயின் வருமானம் பெருகியது. பாதை தெற்கே நீண்டு 1874-ல் நாவலப்பிட்டியை அடைந்தது.

இதற்கிடையில், 1869-லேயே காப்பிச் செடியில் இலைத்துரு நோய் தென்பட்டிருந்தது. 1880-களில் காப்பி அடியோடு படுத்தது. 1885-ல் ரயில் நானுஓயாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, எந்தப் பயிரை நம்பிப் பாதை திட்டமிடப்பட்டதோ அது மலையில் அழிந்துகொண்டிருந்தது. காப்பாற்றியது தேயிலை. கண்டிக்கு ரயில் வந்த அதே 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பிக்காகப் போட்ட தண்டவாளம் தேயிலைப் பெட்டிகளைச் சுமக்க ஆரம்பித்தது. 1894-ல் பாதை பண்டாரவளை வரை போய்விட்டது.

ரயில் மலைக்குள் இவ்வளவு தூரம் போனபோது, மலையில் உழைக்க வந்தவர்கள் எப்படி வந்தார்கள்? ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கமிருந்து நடந்து கடற்கரைக்கு வந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளைக்குப் போனார்கள். தண்ணீர் அரிதான வழி. காய்ச்சலில் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். 1880-ல் மாத்தளைக்கு ரயில் வந்தது. காப்பியை இறக்கிக்கொண்டு போகத்தான் வந்தது. வடக்கே மன்னாரை நோக்கி ஓர் அடிகூட நகரவில்லை. யாழ்ப்பாணம் கொழும்போடு ரயிலால் இணைந்தது 1905-ல். தலைமன்னாருக்குப் பாதை வந்தது 1914-ல். கண்டிக்கு ரயில் வந்து 47 ஆண்டுகள் கழித்து.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. மலைப் பாதை நன்றாகச் சம்பாதித்தது. பொறியாளர்களுக்குத் திறமை இல்லை என்றும் சொல்ல முடியாது. கடுகண்ணாவ ஏற்றத்தை வென்றவர்களுக்கு வன்னியின் சமதரை ஒரு பொருட்டே இல்லை. காப்பி மூட்டைக்குக் கொடுத்த முன்னுரிமையை, அந்தக் காப்பியைப் பறித்த மனிதர்களுக்குக் கொடுக்க அரசுக்கு மனம் வரவில்லை. கம்பெனியிடமிருந்து ரயிலைப் பிடுங்கி அரசுடைமை ஆக்கியது நல்ல முடிவுதான். அந்த அரசு மக்களுடைய அரசாக இல்லாததுதான் குறை.

அடுத்த வாரம்: தலைமன்னார் பாதையும் பாம்பன் பாலமும்.