கையகத்துக் கடிவாளம்

குதிரை எத்துணை விரைவாக ஓடினும், கடிவாளம் செவ்வையாக அமையாவிடின் அதன்மீது ஏறியவன் ஊர் போய்ச் சேர்வது அரிது. வண்டி எத்துணை உறுதியுடையதாயினும், மாட்டின் மூக்கணாங்கயிறு அறுந்துவிடின் வண்டிக்காரன் செய்வதறியாது திகைப்பான். விரைவைத் தருவது ஒன்று. அவ்விரைவை ஆள்வது மற்றொன்று. இவ்வுண்மையை ஒரு விளையாட்டின் வாயிலாக இப்பாடத்தில் அறிவோம்.

மேலை நாடுகளில் சிறுவரும் பெரியவரும் விரும்பி ஆடும் விளையாட்டுகளுள் ஸ்லாட் கார்ப் பந்தயமும் ஒன்று. தரையிலோ மேசைமீதோ அமைக்கப்பெற்ற ஓடுபாதையில் சிறு கார்கள் மின்சாரத்தால் ஓடுகின்றன. பாதை நெடுகிலும் ஒடுங்கிய பள்ளங்கள் செல்கின்றன. ஒவ்வொரு காருக்கும் ஒரு பள்ளம் உண்டு. காரின் அடியிலுள்ள சிறு முளை அப்பள்ளத்துள் இறங்கி நின்று காரை வழிநடத்தும். பள்ளத்தின் இரு மருங்கிலும் உலோகப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே வரும் மின்னோட்டம், காரின் அடியிலுள்ள கம்பிப் பின்னல்கள் வழியாக ஏறி மோட்டாரை இயக்கும்.

ஆதலின் ஆடுவோன் காரைத் திருப்ப வேண்டுவதில்லை. அதன் விரைவை ஆள்வதொன்றே அவன் தொழில். நேரான இடத்தில் விரைந்து செலுத்தி, வளைவில் தணித்துச் செலுத்த வேண்டும். வளைவில் விரைவு மிகுந்தால் முளை பள்ளத்தை விட்டு எழும். கார் பாதைக்கு வெளியே வீழும். பந்தயமும் கைவிட்டுப் போகும். இத்தொழிலுக்கு ஆடுவோனிடம் உள்ள கருவி ஒன்றே. அது கைக்குள் அடங்கும் கட்டுப்பாட்டுக் கருவியாகும். அதனை நாம் கைக்கருவி என்போம்.

இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவர் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைக் கார்களைச் செய்து வந்தார். பின்னர் அவற்றில் மின்சார மோட்டாரைப் பொருத்தி, 1957 ஆம் ஆண்டில் ஹாரோகேட் நகரில் நடைபெற்ற விளையாட்டுப் பொருட் கண்காட்சியில், ஸ்கேலக்ஸ்ட்ரிக் என்னும் பெயரால் அவற்றை வெளியிட்டார். அத்தொடக்க காலத்தில் காரை ஆள்வதற்கு இருந்தது வெறும் பொத்தானே. அழுத்தினால் முழு மின்சாரம், விட்டால் ஒன்றுமில்லை. ஆகவே, ஆடுவோர் விட்டு விட்டு அழுத்தியே வளைவுகளைக் கடக்க வேண்டியிருந்தது. விரைவைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும் வல்ல கைக்கருவி வந்த பின்னரே இவ்விளையாட்டு ஒரு கலையாயிற்று.

சிறுவன் ஒருவன் பல திங்கள் சேமித்த காசுடன் கடைக்குச் செல்கிறான் என்று கொள்வோம். அங்கே வலிமை மிக்க மோட்டார் ஒன்று இருக்கிறது. அதன் அருகில் நல்ல கைக்கருவியும் இருக்கிறது. அவன் காசு இரண்டில் ஒன்றுக்கே போதும். அவன் எதை வாங்குதல் வேண்டும்? மோட்டாரை வாங்கவே மனம் தூண்டும். ஆனால், ஆளமுடியாத வலிமை வளைவுதோறும் காரை வெளியே தள்ளும். கைக்கருவியின் இயல்பை அறிந்தவன் அதனையே முதலில் வாங்குவான். அவ்வியல்பை இனிக் காண்போம்.

கைக்கருவியின் பிடியைப் பற்றி, சுட்டுவிரலால் அதன் விசையை இழுக்க வேண்டும். உள்ளே மின்தடைக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்ட ஒரு கட்டை இருக்கிறது. விசையை இழுக்க இழுக்க, ஓர் உலோகத் தொடுமுனை அக்கம்பிச் சுற்றின்மீது நகர்கிறது. தொடக்கத்தில் மின்னோட்டம் கம்பி முழுவதையும் கடந்து செல்ல வேண்டியிருப்பதால் தடை மிகுதி. காரின் விரைவு குறைவு. விசை மேலும் நகர, கடக்க வேண்டிய கம்பியின் நீளம் குறைகிறது, விரைவு ஏறுகிறது. முழுவதும் இழுத்த நிலையில் மின்னோட்டம் தடையின்றிச் செல்கிறது.

மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1827 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் நூலாக வெளியிட்டார். மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். தடையின் அளவும் அவர் பெயராலேயே ஓம் என வழங்குகிறது. இச்சிறு கணக்கே கைக்கருவியைத் தேர்ந்தெடுப்பதற்குத் துணையாகும்.

பாதையில் 12 வோல்ட் மின்னழுத்தம் இருப்பதாகவும், நின்ற நிலையில் மோட்டாரின் தடை 15 ஓம் எனவும் கொள்வோம். கைக்கருவியின் தடை இல்லாவிடின் புறப்படும்பொழுது 0.8 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். 45 ஓம் தடையுள்ள கைக்கருவியை இணைத்தால், மொத்தத் தடை 60 ஓம். விசையைச் சற்றே தொட்டதும் பாய்வது 0.2 ஆம்பியர். அஃதாவது முழு அளவில் கால் பங்கு. கார் மெல்லப் புறப்படும். 5 ஓம் கருவியாயின் முதல் தொடுகையிலேயே 0.6 ஆம்பியர் பாய்ந்துவிடும். அது முழு அளவில் முக்கால் பங்கு. கார் துள்ளிப் பாயுமேயன்றி மெல்ல நகராது. 105 ஓம் கருவியாயின் பாய்வது 0.1 ஆம்பியரே. விசையை நெடுந்தொலைவு இழுக்கும்வரை கார் அசையாதிருந்து, பின்னர்த் திடீரெனச் சீறும். ஆகவே, தடை மிகுந்த கருவி நல்லது என்றோ, குறைந்த கருவி நல்லது என்றோ கூறுதல் பொருந்தாது. மோட்டாருக்கு ஏற்ற தடையே நல்லது.

மிகச் சிறிய கார்களின் மோட்டார்கள் குறைந்த மின்னோட்டத்தையே கொள்வன. அவற்றுக்கு 60 முதல் 90 ஓம் வரையுள்ள கருவிகள் ஏற்றவை. உண்மைக் காரில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவுடைய, வீட்டுப் பாதைகளில் ஓடும் கார்களுக்கு 25 முதல் 45 ஓம் வரை பெரும்பாலும் பொருந்தும். பந்தயக் கூடங்களில் ஓடும் பெரிய கார்களின் வலிய மோட்டார்களுக்கோ சில ஓம் தடையே போதும்.

புறப்படுவதும் விரைவதும் மட்டுமா ஓட்டம்? நிற்பதும் ஓட்டத்தின் ஒரு பகுதியே. நல்ல கைக்கருவியில் மூன்று கம்பிகள் இருக்கும். ஒன்று மின்சாரத்தைக் கொணர்வது. மற்றொன்று அதனைப் பாதைக்குச் செலுத்துவது. மூன்றாவது தடுப்புக்கு உரியது. சுழலும் மோட்டார் தானே ஒரு மின்னாக்கியும் ஆகும். விசையை விட்டவுடன் அது பின்னே சென்று ஓய்வு முனையைத் தொடும். அப்பொழுது மூன்றாம் கம்பி மோட்டாரின் இரு முனைகளையும் பாதை வழியாக ஒன்று சேர்க்கும். மோட்டார் ஆக்கிய மின்னோட்டம் அதனுள்ளேயே திரும்பப் பாய்ந்து, அதன் சுழற்சியை எதிர்க்கும். தன்னை ஆக்கிய அசைவையே இம்மின்னோட்டம் எதிர்க்கும் என்ற விதியை லென்ஸ் என்னும் அறிஞர் 1834 ஆம் ஆண்டில் கூறினார். இதனால் கார் உடனே விரைவு தணியும்.

இத்தடுப்பு ஓர் அணுவளவு அழுக்கினாலும் கெட்டுவிடும். இறுதிச் சுற்றில் இரு கார்கள் ஒன்றையொன்று ஒட்டி வருவதாக எண்ணிப் பாருங்கள். வளைவு நெருங்குகிறது. ஆடுவோன் உரிய நேரத்தில் விசையை விடுகிறான். ஓய்வு முனையில் கரி படிந்திருப்பதால் தடுப்பு வேலை செய்யவில்லை. கார் விரைவு தணியாமல் வளைவில் பாய்ந்து வெளியே வீழ்கிறது. அவன் கண்ணும் கையும் பிழை செய்யவில்லை. அவன் நம்பிய கருவியே பிழைத்தது. ஆதலின், தொடுமுனைகளை எளிதில் துடைத்துத் தூய்மை செய்யவும், தேய்ந்தவற்றை மாற்றவும் இடந்தரும் கருவியையே தேர்தல் வேண்டும்.

மின்தடைக் கம்பியில் மின்னோட்டம் பாயும்பொழுது வெப்பம் பிறக்கும். நெடுநேரம் ஆடினால் அவ்வெப்பம் கருவியின் கூட்டை இளக்கவும், கம்பியைக் கெடுக்கவும் கூடும். காற்றோட்டத்திற்குத் துளைகள் உள்ள கூடும், வெப்பம் தாங்கும் பொருளில் சுற்றப்பட்ட கம்பியும் இதற்கு மருந்தாகும். இக்காலத்தில் தடைக் கம்பிக்கு மாறாக டிரான்சிஸ்டர் அமைந்த கைக்கருவிகளும் வழங்குகின்றன. ஒரு திருகைத் திருப்பிப் பலவகை மோட்டார்களுக்கும் ஏற்ப அவற்றைப் பொருத்திக்கொள்ளலாம். தடுப்பின் வலிமையையும் வேண்டிய அளவில் அமைத்துக்கொள்ளலாம். எனினும், அவற்றின் விலை மிகுதி. கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் அவற்றுட் பல கெட்டுப்போகும். கெட்டதை வீட்டில் செப்பனிடுவதும் எளிதன்று. புதிதாக ஆடத் தொடங்குவோர்க்கு, மோட்டாருக்கு ஏற்ற எளிய கருவியே போதும்.

வாங்குமுன் கருவியை ஆய்ந்து பார்த்தல் நன்று. விசையை மிக மெல்ல இழுத்தால் கார் ஊர்ந்து புறப்படுகிறதா? விசை நகர நகர இடையில் தயங்காமலும் துள்ளாமலும் விரைவு ஏறுகிறதா? விட்டவுடன் விசை தானே திரும்புகிறதா? கார் உடனே தணிகிறதா? பத்து நிமிடம் ஆடிய பின்னும் பிடி கையைச் சுடாமல் இருக்கிறதா? சுருள்வில் விரலைச் சோர்வுறச் செய்யாமல் இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின், அதுவே நம்பத்தக்க கருவி. இன்று விரல் அசைந்த அளவுக்குக் கார் எவ்வாறு ஓடிற்றோ, நாளையும் அவ்வாறே ஓடுதல் வேண்டும். நம்பகம் என்பது அதுவே.

மாணவர்களே! கடையில் நின்ற சிறுவனை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவன் கைக்கருவியை வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய பழைய மோட்டார் முன்போலவே இருக்கிறது. ஆயினும், முன்பு வெளியே வீழ்ந்த வளைவுகளில் இன்று அவன் கார் வீழாமல் செல்கிறது. வலிய மோட்டாரை வாங்கியவன் வீழ்ந்த காரை எடுத்து வைக்க ஓடும்பொழுது, இவன் ஒரு சுற்று முன்னே செல்கிறான். விரைவு பெறுவது எளிது. அதனை வேண்டும்பொழுது அடக்கும் ஆற்றலே வெற்றியைத் தரும். விளையாட்டுக் காருக்கு மட்டுமன்று, நம் வாழ்க்கைக்கும் இது பொருந்தும் அன்றோ?