வயரா, வை-ஃபையா?



காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கங்களில் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள் அதிகம். ரவுட்டர் முன் விறாந்தையில் இருக்கும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் பின்னறையில் இருப்பாள். “உம்மா, வகுப்பு விட்டுவிட்டு வருகுது” என்பாள். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் வீடுகளில் கேட்கத் தொடங்கிய முறைப்பாடு இது.

காரணம் என்ன? 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, வாவியைக் கடக்கப் படகுப்பாதைக்குக் காத்து நின்றோம் அல்லவா? வை-ஃபையும் அப்படித்தான். ஒரே அலைவரிசையில் ஒரு கருவி பேசும்போது மற்றவை முறைக்குக் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 3 மாத்திரமே. அவற்றையே அயல்வீட்டு ரவுட்டர்களும் பங்குபோடுகின்றன. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் பலமிழந்துவிடும். வயரோ பாலம் போன்றது. ‘கெட் 5ஈ’ கேபிள் 100 மீற்றர் வரை விநாடிக்கு 1 கிகாபிட் கொண்டு செல்லும்.

ஆகவே, இடம் மாறாத கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் வயர் கொடுங்கள். கைத்தொலைபேசிக்கு வை-ஃபை போதும். மகளிடம் கைத்தொலைபேசி மட்டும்தானா? முதலில் ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றிப் பாருங்கள். அதுவும் போதாவிட்டால், பின்னறை வரை வயரைக் கொண்டு சென்று அங்கே இன்னொரு வை-ஃபைக் கருவியைப் பொருத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை! அதே வளவில் மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டுக்குச் செப்பு வயரை வெளியால் இழுக்காதீர்கள். மின்னலின் தாக்கம் அதன் வழியாக இரு வீட்டுக் கருவிகளையும் கெடுத்துவிடலாம். அந்த இடத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள் அல்லது வை-ஃபையே நல்லது. இடிமழை தொடங்குமுன் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி விடுங்கள்.

இனி அமானிதம் பற்றி ஒரு வார்த்தை. பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்பது ஸூரா அந்நூர் கற்றுத்தரும் ஒழுக்கம். அயலவரின் இணைப்பை அவர் அறியாமல் பயன்படுத்துவதும் அனுமதியின்றி நுழைவதே. ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றி, நீளமான ஒன்றை வையுங்கள். படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்கு உதவ விரும்பினால், விருந்தினர் இணைப்பைத் திறந்து நீங்களே கொடுங்கள். அது அண்டை வீட்டாரின் ஹக்கைப் பேணுவதாகும்.

வயரில் வந்தாலும் காற்றில் வந்தாலும் உள்ளே வருவது ஒன்றுதான். நல்லதையும் கெட்டதையும் கருவி பிரித்துத் தராது. அந்தக் காவல் உம்மா வாப்பாவின் பொறுப்பு. நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!